வாடைக்காலத்து உடுப்பு

குளிர்காலத்து உடுப்பு என்றவுடன் நம்மிற் பலருடைய எண்ணம் நுவரெலியாவை நோக்கி மலையேறிவிடுகின்றது. கம்பளிச் சட்டையும், கழுத்தைச் சுற்றிய சால்வையும், கைகளை மறைக்கும் உறையுமே குளிருக்கு ஏற்றவை என்ற கருத்து நம் மனத்திலே ஊன்றிவிட்டது. கல்முனைக்கும் குளிர்கால உடுப்புக்கும் யாது தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனக் கடலோரமாகத் தொடரும் ஊர்களிலே ஜனவரி மாத இரவிலும் வெப்பநிலை 23 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கின்றது. இலண்டன் நகரவாசி இதனைக் கோடை என்றே கொண்டாடுவான். ஆயினும் இக்கரையில் மாரி இரவொன்றைக் கழித்தவர் எவரும் அங்கே குளிர் இல்லை என்று சொல்லத் துணியார்.

அக்குளிரின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆண்டின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து மலைகளைக் கடந்து வறண்டு வந்து வீசும் கச்சான் காற்று மண்ணையும் மனிதரையும் ஒருங்கே உலர்த்திவிடுகின்றது. ஒக்டோபர் கழிந்து வாடை திரும்பியதும் நிலை தலைகீழாகின்றது. ஆண்டு மழையின் பெரும்பங்கு அடுத்த சில திங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கடலிலிருந்து நேரே வரும் காற்று, கிடுகின் இடுக்கெல்லாம் புகும் தூவானம், நாட்கணக்கில் உலராத கொடித்துணி: இவை மூன்றும் சேர்ந்ததே இங்குள்ள குளிர். ஈர மேனியிலே காற்றுப் படும்பொழுது அவ்வீரம் ஆவியாகி உடற்சூட்டையும் கவர்ந்து செல்கின்றது. பனிக்குளிருக்குக் கனத்த உடை மருந்தாகலாம். ஈரக்குளிருக்கு விரைவில் உலரும் உடையே மருந்து. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி இக்கரையின் உடை வரலாறு விளங்காது.

பழந்தமிழர் வாடையை நன்கறிந்தவர்கள். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் மழையிலே நனைந்த ஆயர்கள் தீயிலே கைகாய்ச்சி நடுங்குகின்ற காட்சியை நூலின் தொடக்கத்திலேயே காணலாம். சிலப்பதிகாரம் புகார் நகரத்தின் தெருக்களைச் சொல்லுமிடத்துப் பட்டு, மயிர், பருத்தி ஆகிய மூவகை இழையாலும் நெய்கின்ற காருகரையும், துணி தைக்கின்ற துன்னகாரரையும் தனித்தனியே குறிப்பிடுகின்றது. நெய்வோர் வேறு, தைப்போர் வேறு என்ற பிரிவு அத்துணைப் பழைமையானது. அம்மூன்று இழைகளுள் நமது கீழைக்கரை பருத்தி ஒன்றையே தன் குளிருக்கும் வெயிலுக்கும் பொதுவாகத் தேர்ந்துகொண்டது. பருத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'குத்ன்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. பருத்தியின் பெயரை மேலைநாட்டுக்குக் கொண்டு சென்றவர்கள் அரபு வணிகர்கள்.

சொற்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதனால் இன்னும் சிறிது நேரம் அங்கேயே தங்குவோம். இவ்வூர்களின் பழைய வீடொன்றிலே, உம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்து அதிலுள்ள உடுப்புகளுக்குப் பெயர் கேட்டால், ஒரு கடல் வரலாறே வெளிப்படும். ஆண்கள் இடையில் உடுப்பது சாரன். இது 'உறை' என்று பொருள்படும் மலாய்ச் சொல். பெண்கள் உடுத்த வண்ணத்துணி கம்பாயம். குசராத்தின் பழந்துறைமுகமாகிய கம்பாயத்தின் பெயரே துணிக்கு ஆகிவந்தது என்பர். மேலே அணிந்தது குப்பாயம். இது பிற்காலத்தில் வந்தேறிய சொல் என்று எண்ணுவோர் உளர். அவர்கள் சீவக சிந்தாமணியைப் புரட்டிப் பார்ப்பார்களாக. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல் அங்கே சட்டையைக் குறிக்க ஆளப்பட்டிருக்கின்றது. சட்டையை மூடுகின்ற பொத்தானும், தலையிலே கட்டுகின்ற லேஞ்சியும் போர்த்துக்கேயரின் கொடை. தோளிலிடும் சால்வை பாரசீகம். ஒரு மனிதன் மழைக்கு அஞ்சிச் சாரனை உடுத்து, சட்டைக்குப் பொத்தானிட்டு, லேஞ்சியைத் தலையிற் கட்டிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு வாசலிலே நின்றால், இந்துமாக்கடலின் அரைவட்டம் அவன் மேனியிலே நிற்கின்றது!

இக்கலப்பு வியப்புக்குரியதன்று. மேற்குக் கரையிலே போர்த்துக்கேயரின் நெருக்குதலுக்கு ஆளாகி வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் கூறும் செய்தி. அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தனர். 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் துணியின் வாணிகத்தைத் தம் கைக்குள் அடக்க முயன்றனர். துணி அந்நாளிலே வெறும் உடையாக மட்டும் இருந்ததில்லை. அரசுகள் போட்டியிட்ட பண்டமாகவும் இருந்தது.

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையிலே உள்ளது மருதமுனை. கைத்தறி என்றால் கிழக்கிலங்கையிலே முதலில் நினைவுக்கு வரும் முஸ்லிம் ஊர் அதுவே. நெசவு தனியொருவர் தொழிலன்று. நூலுக்குச் சாயமிடுதல், கஞ்சியிடுதல், பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், அதன் பின்னரே தறியில் அமர்ந்து நாடாவை ஓட்டுதல் என அது ஒரு குடும்பம் முழுவதையும் வேலை வாங்குகின்ற தொழில். தார் சுற்றும் இராட்டையின் ஓசையும், தறியின் 'தடக் தடக்' என்ற ஓசையும் கேட்கும் வீட்டிலே சிறுவர்களும் சும்மா இருப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். குளிருக்கு வேண்டிய போர்வையும் சாரனும் மாரியிலே தேவைப்படுகின்றன. ஆனால் மாரியிலே அவற்றை உண்டாக்குவது அரிது. சாயமிட்ட நூலுக்கு வெயில் வேண்டும். கஞ்சியிட்ட நூல் உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குழித்தறியாயின், நெசவாளர் கால் வைக்கும் குழியிலே நீர் ஊறும். வறண்ட கச்சான் காற்றிலும் இடர் உண்டு. ஈரமற்ற காற்றிலே பருத்தியிழை எளிதில் அறும். நிலத்தைத் தோண்டித் தறியை அமைத்ததற்குத் தரையின் குளுமை இழையைக் காக்கும் என்பதும் ஒரு காரணம். ஆகவே வாடைக்கான உடுப்பைக் கச்சான் காலத்திலேயே நினைக்க வேண்டியிருந்தது. வெயிலிலே சாயம் ஏற்றி, நிழலிலே நெய்து, ஒக்டோபருக்கு முன்னரே மடித்து வைத்த வீடே மழையை அச்சமின்றி எதிர்கொண்டது. கம்பளி நாடுகளிலும் இதே வழக்கந்தான்: ஆட்டின் மயிரைக் கோடையின் தொடக்கத்திலே கத்தரித்து, பனிக்காலத்துக்கு முன் நூற்றுப் பின்னிவிடுகின்றார்கள்.

துணியின் கனத்தை நூலின் எண் தீர்மானிக்கின்றது. ஓர் இறாத்தல் நூலிலே 840 யார் நீளமுள்ள சிட்டம் எத்தனை அடங்குமோ அதுவே அந்நூலின் எண். எண் ஏற ஏற இழை மெல்லியதாகும். 20ஆம் எண் நூல் போர்வைக்கு ஏற்றது; 40, 60 ஆகியவற்றை இரட்டித்து முறுக்கிய நூலிலே சாரனும் சேலையும் பிறக்கும். குளிருக்கு 20ஆம் எண் நூலைத்தானே தேடவேண்டும் என்று தோன்றும். அனுபவம் அவ்வாறு சொல்லவில்லை. நனைந்த தடித்த பருத்தித்துணி இரண்டு நாளுக்கும் உலராது. ஈரத்தோடு உடலிலே ஒட்டிக் குளிரைப் பெருக்கும். இரண்டு மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தாலோ, இடையே அசையாது நிற்கும் காற்றே சூட்டைக் காக்கும். நனைந்தாலும் ஒன்றைக் களைந்து அடுப்படியிலே உலர்த்திக்கொள்ளலாம். விஞ்ஞான நூலைப் பாராமலே இக்கரை மக்கள் கண்ட உண்மை இது.

இனி ஊசிக்கு வருவோம். தறியிலிருந்து இறங்கிய துணிக்கு இருபுறமும் நெய்த கரை உண்டு, அது பிரியாது. வெட்டிய ஓரமோ இழை இழையாகப் பிரிந்துவிடும். எனவே கைத்தறித் துணியை உடுப்பாக்கியவர்கள் கத்தரிக்கோலை மிகுதியாக நம்பவில்லை. இரண்டு யார் அளவுள்ள துணியின் இரு தலைப்புகளையும் சேர்த்து மூட்டினால் சாரன் ஆயிற்று. எளிய வேலைபோலத் தோன்றினும், மூட்டுவாயிலே நல்ல தையற்காரரை அறிந்துகொள்ளலாம். இப்புறத்துக் கட்டம் அப்புறத்துக் கட்டத்தோடு இழை பிசகாது பொருந்த வேண்டும்; பிரியும் ஓரம் உள்ளே மடிந்து மறைய வேண்டும். பொருந்தாத சாரனை உடுத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகக் கூச்சப்பட்டவர்கள் அக்காலத்தார்.

ஐசக் சிங்கர் தமது தையற்பொறிக்கு அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றது 1851இல். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. கையாற் சுழற்றும் பொறியும், பின்னர்க் காலால் மிதிக்கும் பொறியும் மெல்ல மெல்லக் கடைத்தெருவிலும் வீடுகளிலும் இடம்பெற்றன. பொறி வந்ததனால் வெட்டிய ஓரத்தை விரைவாகவும் உறுதியாகவும் மடித்துத் தைக்க முடிந்தது. கழுத்தும் கையும் உடலளவுக்கு வெட்டிய சட்டைகள் பெருகின. சீத்தைத் துணியிலே சட்டையும் பாவாடையும் தைப்பது பெண்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தொழிலாயிற்று. வெளியே சென்று உழைக்க இயலாத ஒரு கைம்பெண்ணுக்கு அந்தப் பொறி எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உடுக்கும் முறையிலேதான் இக்கரையின் நுட்பம் சிறந்து விளங்குகின்றது. பகலில் இடையிலே கட்டிய சாரனே இரவிலே போர்வையாகின்றது. முடிச்சைத் தளர்த்தித் தலைவரை இழுத்துக் கொண்டால், மூட்டிய துணியாதலால் காற்றுப் புக வழியில்லை. பெரும்போகப் பயிரை யானையிடமிருந்து காக்க வயல்வாடியிலே விழித்திருந்த விவசாயிக்கு ஒரு சாரன் உடுக்க, ஒரு சாரன் போர்க்க, கீழே பன்பாய், அருகே தீ. பெண்களுக்கு முக்காடே மழைக்கும் காற்றுக்கும் முதற்காப்பு. பழஞ்சாரனோ எறியப்படுவதில்லை. பலமுறை துவைத்துப் பஞ்சுபோல் மென்மையான அத்துணி குழந்தைக்கு ஏணையாகும், பிறந்த சிசுவைச் சுற்றும் துணியாகும், கடைசியிலே கிழிசலுக்கு ஒட்டாகும். புதுத் துணியைவிடப் பழந்துணியே குழந்தைக்குச் சூடு தரும் என்று மூதாட்டியர் சொல்வதிலே உண்மையுண்டு. துவைத்துத் துவைத்து நார் எழுந்த துணியிலே காற்று மிகுதியாகத் தங்கும்.

இத்தொழிலின் ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் துறைமுகத்தின் கதவு திறப்பதையும் மூடுவதையும் பொறுத்தவையாக இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது கப்பலில் வரும் துணி அருகியதும் இலங்கையெங்கும் கைத்தறிக்கு மதிப்பு உயர்ந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலும் தறிகள் ஓயவில்லை. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. விசைத்தறித் துணி மலிந்து குவிந்தது. நாடெங்கும் கைத்தறிகள் பல முடங்கின. மலிவான துணியை ஏழை வாங்கியது குற்றமன்று. நெய்தவனும் ஏழையே என்பதுதான் இதிலுள்ள இடர்ப்பாடு.

வாடையும் தன் பங்குக்குக் கொடுமை செய்தது. 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23இல் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளி வீடுகளின் கூரைகளையும் தென்னந்தோப்புகளையும் சாய்த்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலே மக்களோடு தறிகளும், பாவோடிய நூலும், மடித்து வைத்திருந்த துணிகளும் அள்ளுண்டன.

மாரியின் நடுவிலே, உடுத்த உடையோடு தப்பியவர்களுக்கு முதலில் வேண்டியது உலர்ந்த துணி. உலகம் முழுவதும் இரங்கியது. கப்பலிலும் விமானத்திலும் உடுப்புகள் வந்து குவிந்தன. அவ்வாறு இத்தீவுக்கு வந்தவற்றுள் பனிநாட்டுக்குரிய தடித்த மேலங்கிகளும் இருந்தன. அனுப்பியவர்களின் அன்பிலே குறையில்லை. தம் ஊரிலே டிசெம்பர் எப்படியோ அப்படியே இங்கும் இருக்கும் என்று எண்ணிவிட்டார்கள். அந்த மேலங்கி ஒருமுறை நனைந்தால் அகதி முகாமிலே எவ்விடத்தில் உலர்த்துவது? ஒரு சாரன், ஒரு சேலை, ஒரு மெல்லிய போர்வை ஆகியவையே அந்த இரவுகளுக்குப் பயன்பட்டிருக்கும். அவற்றை நெய்து கொடுக்கக்கூடிய தறிகளோ அதே கடலிலே போயிருந்தன.

தறிகள் பின்னர் மீண்டும் நாட்டப்பட்டன. சேலையும் சாரனும் இன்றும் மருதமுனையிலே நெய்யப்படுகின்றன. நூலும் சாயமும் வெளியிலிருந்தே வரவேண்டியிருப்பதனால், அவற்றின் விலை ஏறும்பொழுதெல்லாம் நெசவாளர் கூலி இறங்குகின்றது. அடுத்த முறை அவ்வழியே செல்லும் நேயர்கள் ஒரு சாரனைக் கையிலெடுத்தால் மூட்டுவாயைச் சற்றே விரித்துப் பாருங்கள். கட்டங்கள் பொருந்தியிருக்கின்றனவா என்று கடைக்காரரிடமே கேளுங்கள். வாங்குவதாயின் கச்சான் காலத்திலேயே வாங்கிவிடுங்கள். மழை தொடங்கியபின் புதுத்துணியின் கஞ்சி போக அலசி உலர்த்த வெயில் கிடைக்காது.