செட்டிநாட்டு வீடுகளில் பர்மியக் கூடைகள்: பிறப்பிடமும் காலமும் மதிப்பும்

முன்னுரை

செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிக்கப்படும்போதும் விற்கப்படும்போதும் அவற்றின் புழங்குபொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருட் கடைகளை வந்தடைகின்றன. அவற்றுள் பின்னல் கலங்கள் இருவகையின. ஒன்று பனையோலையால் முடைந்த கொட்டான்; இது உள்ளூர்ப் பெண்டிரின் கைவினை. மற்றொன்று கறுப்பும் சிவப்புமாக மெருகேறிய மூடியிட்ட கலம். இதன் பூச்சையும் தமிழில் 'அரக்கு' என்றே சொல்கிறோம். அப்பெயர் கலத்தின் பிறப்பிடத்தை மறைக்கிறது என்பதையும், கலத்தின் உடலிலேயே அதன் வரலாற்றுக்குச் சான்று உண்டு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சொல்லும் பொருளும்

இந்தியாவில் அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினாகும். அது சூட்டில் இளகும், தீயில் எரியும், சாராயத்தில் கரையும். பாரதக் கதையின் அரக்கு மாளிகை இப்பண்பை அடிப்படையாகக் கொண்டதே. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் கடைசல் மரத்தின்மீது உராய்வுச் சூட்டால் ஏற்றப்படுவதும் இவ்வரக்கே.

பர்மியக் கலத்தின் பூச்சு வேறு. அது 'தித்சி' எனப்படும் மரத்தின் பால். ஈரக்காற்று நிறைந்த நிலவறையில் வைக்கப்படும்போது அது இறுகுகிறது. நன்கு இறுகியபின் சூட்டில் இளகுவதோ சாராயத்தில் கரைவதோ இல்லை. எனினும் பழங்கலத்தைச் சாராயம் தொட்டுச் சோதிப்பது தகாது, வண்ணம் கெடக்கூடும். பூச்சு உதிர்ந்த விளிம்பைக் கூர்ந்து நோக்குதலே போதுமானது. அங்கே கடைசல் மரம் தெரியின் அது இந்திய அரக்கு வேலைப்பாடாதல் கூடும். மூங்கிற் பட்டையின் சுருளோ பின்னலோ தெரியின் அது கீழ்த்திசைக் கலம் எனலாம்.

பிறப்பிடம்

மூங்கிற் பின்னலின்மீது மரப்பால் பூசும் மரபு சியாமின் வடபகுதியிலும் உண்டு. ஆயினும் நகரத்தாரின் கொண்டுவிற்றல் பர்மாவோடு நெருங்கியிருந்தமையால், செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த கலத்திற்குப் பர்மாவையே முதற்கண் கருதவேண்டும். பர்மாவுக்குள்ளும் ஊர்தோறும் வேறுபாடு உண்டு. மெருகைக் கீறி வண்ணம் நிரப்பும் 'யுன்' வேலைப்பாட்டிற்குப் பகான் பெயர்பெற்றது. மோன்யுவாவை அடுத்த சௌக்காவில் அணியற்ற கறுப்புக் கலங்கள் மிகுதி. உயர்ந்த கலங்களில் மூங்கிலோடு குதிரைமயிரும் சேர்த்துப் பின்னப்பட்டது. அத்தகைய கிண்ணத்தின் விளிம்பை இரு விரலால் அழுத்தினாலும் பூச்சு வெடிப்பதில்லை.

காலம்

காலத்தை வரையறுக்க மூன்று சான்றுகள் உதவுகின்றன. முதலாவது எழுத்து. சில வெற்றிலைக் கலங்களில் பர்மிய எழுத்தில் செய்தவர் அல்லது உடையவர் பெயரும் ஆண்டும் காணப்படுகின்றன. பர்மிய ஆண்டோடு 638 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1270 என்பது 1908 ஆகும். இரண்டாவது அரசியல் வரலாறு. கீழ்ப்பர்மா 1852இலும் மேற்பர்மா 1885இலும் ஆங்கிலேயர் வசமாயின. பகான் மேற்பர்மாவைச் சார்ந்தது. ஆகவே அதன் கலங்கள் தமிழ் வணிகரிடம் பெருகியது பின்னைய ஆண்டை ஒட்டியே எனக் கொள்ளலாம். மூன்றாவது 1942. சப்பானியப் படையெடுப்பின்போது கால்நடையாக வெளியேறியோர் இத்தகைய கலங்களைச் சுமந்து வந்திருத்தல் அரிது. எனவே செட்டிநாட்டு வீடுகளிற் காணப்படுபவற்றுள் பெரும்பாலானவை அவ்வாண்டுக்கு முந்தியன எனக் கருதுதல் பொருந்தும். நிறம் மங்கியிருப்பதை மட்டும் கொண்டு காலம் கணிப்பது பிழைபட இடந்தரும். புகையும் எண்ணெயும் படிந்த புதுக்கலமும் பழமைத் தோற்றம் பெறும்.

மதிப்பு

கடையில் மதிப்பு என்பது பெரிதும் முழுமையையும் பளபளப்பையும் சார்ந்தது. அதனால் உதிர்ந்த பூச்சின்மீது புது வண்ணம் தீட்டப்படுவதுண்டு. ஆய்வு நோக்கில் இது இழப்பாகும். பின்னலைக் காட்டும் உதிர்வும் பிறப்பிடத்தைச் சொல்லும் எழுத்தும் அவ்வண்ணத்தின்கீழ் மறைந்துவிடுகின்றன. நகரத்தார் தம் கலங்களிற் பொறித்த குடும்ப விலாசமும் அழிக்கப்படின், கலம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதை அறியும் வழியே அடைபடுகிறது. பர்மாவில் ஈட்டிய வட்டியையும் நிலத்தையும் கணக்கேடுகள் காட்டுகின்றன. ஆனால் அந்நாட்டுக் கைவினை தமிழ்ப் பெண்டிரின் அன்றாடப் புழக்கத்தில் கலந்ததைக் காட்டும் சான்று இக்கலங்களே.

முடிவுரை

பொருள் பிறப்பிடத்தையும், பின்னல் கைத்திறனையும், எழுத்து ஆண்டையும், விலாசம் வந்த வழியையும் அறிவிக்கின்றன. இந்நான்கும் ஒருங்கே அமைந்த கலம் விலையால் மிகாவிடினும் சான்றால் மிக்கது. எனவே கலத்தைத் துடைக்கும் முன்னரே அதனைப் படமெடுத்தலும், பெற்ற வீட்டின் ஊரையும் விலாசத்தையும் எழுதிவைத்தலும் இன்றியமையாதன.