இந்திய அரசுச் சின்னம்

இந்தியக் குடியரசின் ஆட்சியுரிமையைக் குறிக்கும் முத்திரையே இந்திய அரசுச் சின்னம். மௌரியப் பேரரசர் அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சாரநாத்தில் நாட்டிய கல்தூணின் சிங்கப் போதிகையைத் தழுவி இது வரையப்பட்டது. போதிகை என்பது தூணின் உச்சியில் அமரும் சிற்ப வேலைப்பாடு கொண்ட தலைப்பகுதியாகும். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்றே இச்சின்னமும் ஏற்கப்பட்டது. நாணயம், பணத்தாள், கடவுச்சீட்டு, அரசு ஆவணங்கள் ஆகியவற்றில் இது இடம்பெறுகிறது.

மூலத் தூண்

வாரணாசிக்கு அருகிலுள்ள சாரநாத், ஞானம் பெற்ற புத்தர் தம் முதல் அறவுரையை நிகழ்த்திய இடமாகும். அறம் என்னும் சக்கரத்தை அவர் அங்கு உருட்டத் தொடங்கினார் என்பது பௌத்த மரபு. அறவாழி எனப்படும் தர்மசக்கரம் அந்த மரபிலிருந்து வந்ததே. கலிங்கப் போருக்குப் பின் அறவழி ஆட்சியைத் தன் கொள்கையாக அறிவித்த அசோகர், இத்தலத்தில் தூண் நாட்டி, பௌத்தத் துறவியர் சங்கத்தில் பிளவு உண்டாக்குவோரைக் கண்டிக்கும் ஆணையையும் அதில் பொறித்தார். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் சாரநாத்துக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், ஒளிரும் வழவழப்புடைய உயர்ந்த கல்தூண் ஒன்றை அங்கே கண்டதாக எழுதியுள்ளார். பிற்காலத்தில் தூண் உடைந்து மண்ணுள் புதைந்தது. 1904-05ஆம் ஆண்டுகளில் எப். ஓ. ஓர்டெல் நடத்திய அகழாய்வில் போதிகை வெளிப்பட்டது. 1910இல் நிறுவப்பட்ட சாரநாத் அருங்காட்சியகத்தில் அது இன்றும் உள்ளது. தூணின் அடிப்பகுதியோ அது நாட்டப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.

அமைப்பும் பொருளும்

ஏறத்தாழ 2.15 மீட்டர் உயரமுள்ள இப்போதிகை, ஒரே மணற்கல்லில் செதுக்கி, கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டதாகும். கீழே இதழ்கள் கவிந்த தாமரை மணிவடிவில் அமைய, அதன்மேல் பலகை எனப்படும் வட்டத் தட்டும், பலகையின்மேல் முதுகோடு முதுகு சேர நான்கு திசைகளையும் நோக்கும் நான்கு சிங்கங்களும் உள்ளன. புத்தரைச் சாக்கிய குலத்துச் சிங்கம் என்று போற்றும் வழக்கு இருப்பதால், அவரது அறவுரை எத்திசையும் முழங்குவதை இவை உணர்த்துவதாகக் கொள்வர். அவற்றிலேயே பேரரசின் வலிமையைக் காண்போரும் உண்டு.

பலகையைச் சுற்றி யானை, குதிரை, எருது, சிங்கம் ஆகிய நான்கு விலங்குகளும், அவற்றுக்கு இடையிடையே 24 ஆரக்கால்கள் கொண்ட சக்கரங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. புத்தரின் தாய் மாயாதேவி கனவில் கண்ட யானை, புத்தர் அரண்மனை துறந்து சென்ற குதிரை என இவ்விலங்குகளைப் புத்தரின் வாழ்வோடு பொருத்துவது ஒரு விளக்கம். நான்கு திசைகளுக்கு உரியவை என்பது மற்றொன்று. சிங்கங்களின் தலைக்கு மேலே 32 ஆரக்கால்களுடன் ஒரு பெருஞ்சக்கரம் இருந்ததை, கிடைத்த துண்டுகள் காட்டுகின்றன. ஆற்றலுக்கு மேல் அறம் என்னும் வரிசைமுறையை அசோகரின் சிற்பிகள் கல்லிலேயே நிலைநாட்டியிருந்தனர்.

குடியரசின் சின்னமாதல்

பலகையிலுள்ள சக்கரம், 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்ற தேசியக் கொடியின் நடுவில் முதலில் இடம்பெற்றது. அதைத் தொடர்ந்து போதிகையே அரசுச் சின்னத்துக்கு உரியதாயிற்று. பிரித்தானிய முடியின் இலச்சினை இருந்த இடத்தில், எந்த அரசகுலத்துக்கும் இன்று உரிமையில்லாத, அறத்தை ஆட்சிக்கு அளவுகோலாக்கிய ஒரு பழஞ்சின்னம் அமர்ந்தது. அரசியலமைப்பின் கையெழுத்துப் படிக்கு நந்தலால் போஸ் தலைமையில் ஓவியம் தீட்டிய குழுவில் இருந்த தீனாநாத் பார்கவா, சிங்கப் போதிகையை அதில் வரைந்தார்.

தட்டையான வடிவில் பார்ப்பதால் சின்னத்தில் மூன்று சிங்கங்களே தெரிகின்றன. நான்காவது பின்புறம் மறைந்துள்ளது. பலகையின் நடுவே சக்கரமும், வலப்புறம் எருதும், இடப்புறம் பாயும் குதிரையும், இரு ஓரங்களிலும் சக்கரங்களின் விளிம்புகளும் உள்ளன. மணிவடிவத் தாமரை விடப்பட்டது. சிங்கங்களின்மேல் இருந்த பெருஞ்சக்கரமும் இதில் இல்லை. ஆனால் முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட, வாய்மையே வெல்லும் எனப் பொருள்படும் வாசகம் தேவநாகரி எழுத்தில் கீழே சேர்க்கப்பட்டது. இவ்வாறு உச்சியிலிருந்து மறைந்த அறம், வாய்மை என்னும் வடிவில் சின்னத்தின் அடித்தளமாக நிலைபெற்றது எனலாம். தமிழ்நாடு அரசின் சின்னத்திலும் கோயில் கோபுரத்துக்கு முன்பாகச் சிங்கப் போதிகை இடம்பெற, இதே பொருளுடைய வாசகம் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது.

சட்டப் பாதுகாப்பு

சின்னத்தின் பயன்பாட்டை 2005ஆம் ஆண்டின் முறைகேடான பயன்பாட்டுத் தடைச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் விதிகளும் வரையறுக்கின்றன. உரிய அனுமதியின்றித் தனியாரோ நிறுவனங்களோ இதைப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றமாகும். வாய்மையைக் கூறும் வாசகமும் சின்னத்தின் ஒரு பகுதி என்று சட்டம் வகுத்துள்ளதால், அவ்வாசகம் இல்லாத சிங்க வடிவம் முழுமையான அரசுச் சின்னமாகக் கருதப்படுவதில்லை.