அகார்க் கூழில் தோன்றிய கோடு

காமாலை என்றதும் நமக்குக் கீழாநெல்லியும் பத்தியமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் காமாலை ஒரு தனி நோயன்று. பல நோய்களின் அறிகுறி. கெட்ட நீரால் பரவுவது ஒரு வகை. உணவுக்கும் நீருக்கும் தொடர்பின்றிக் குருதி வழியே பரவும் ஹெபடைட்டிஸ்-பி வேறு வகை.

இவ்வகை முதலில் வெளிப்பட்டது ஊசி முனையில்தான். 1883-இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மைப்பால் குத்தினர். அது மனித நிணநீரிலிருந்து எடுத்தது. அடுத்த சில மாதங்களில் 191 பேருக்குக் காமாலை கண்டது. 1942-இல் மனித சீரம் கலந்த மஞ்சள் காய்ச்சல் தடுப்பு மருந்து பெற்ற அமெரிக்கப் படைவீரரில் ஏறத்தாழ 50,000 பேர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. எனினும் நோய்க் கிருமி அகப்படவில்லை.

அதைப் பிடித்தவர் அதைத் தேடியவர் அல்லர்! பரூக் பிளம்பர்க் முதலில் பட்டம் பெற்றது இயற்பியலில் (இயற்பியல் ஆசிரியனான எனக்கு இதில் சற்றுப் பெருமை). பின்னர் மருத்துவரான அவர், மக்களினங்களின் குருதிப் புரதங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து வந்தார். முறை எளியது. அகார்க் கூழில் சிறு குழிகள் இட்டு, வெவ்வேறு சீரங்களை ஊற்றி வைப்பர். நாம் பாடத்தில் படிக்கும் விரவலால் அவை கூழினூடே பரவும். ஒன்றுக்கொன்று பொருந்தும் ஆன்டிஜெனும் எதிர்ப்பொருளும் சந்திக்குமிடத்தில் வெண்கோடு தோன்றும். பலமுறை குருதி ஏற்றிக்கொண்ட நியூயார்க் ஹீமோஃபிலியா நோயாளி ஒருவரின் சீரமும், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரமும் 1963-இல் அப்படியொரு கோடு காட்டின. "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று பெயரிட்டனர்; அது என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை.

1967 ஏப்ரலில் அந்த ஆய்வகத்தில் பணிபுரிந்த பெண்மணிக்கு உடல்நலம் குன்றியது. ஐயம் கொண்டு, ஒரு மாலை தம் சீரத்தையே கூழில் இட்டார். மறுநாள் காலை மெல்லிய கோடு! பின்னர் காமாலையும் வந்தது; நல்ல வேளையாக முற்றும் குணமடைந்தார். இச்சோதனையால் கண்டறியப்பட்ட முதல் நோயாளி அவரே.

1970-இல் லண்டனில் டேன் என்பவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரசையே கண்டார்; விட்டம் 42 நானோமீட்டர். 1976-இல் பிளம்பர்க்குக்கு நோபல் பரிசு. 1981-இல் அமெரிக்காவில் தடுப்பூசியும் வந்துவிட்டது.

நம் நாட்டில் குழந்தைகளுக்கு இவ்வூசி போடுவது 2002-இல் சில இடங்களில் தொடங்கி, 2011-இல்தான் எல்லா மாநிலங்களுக்கும் பரவிற்று. ஆகவே இன்றைய கல்லூரி மாணவர் பலர் இதைப் போடாமலே வளர்ந்திருக்கலாம். அவர்கள் இப்போதும் மூன்று தவணைகளில் போட்டுக்கொள்ளலாம். விடுதியில் இந்நோயுள்ள மாணவனுக்குத் தனித் தட்டும் குவளையும் ஒதுக்குவது வீண் கொடுமை; அவற்றால் நோய் பரவாது. சவரக் கத்தியைப் பகிர்வதும், பச்சை குத்தும் ஊசியும், பாதுகாப்பற்ற உடலுறவுமே பரப்புவன. உலர்ந்த குருதியிலும் இவ்வைரஸ் ஏழு நாள் வரை உயிர்ப்புடன் இருக்கும்.

கீழாநெல்லி? சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அதை உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து ஆன்டிஜென் மறைந்ததாகக் கண்டனர். அக்கட்டுரையாசிரியருள் பிளம்பர்க்கும் ஒருவர். பின்னர் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை.