காரைக்கால் நீதிமன்றமும் குடும்ப வழக்குகளும்: ஒரு பழைய மாணவனின் குறிப்புகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "வக்கீலிடம் கட்டுரை கேட்டால் மனுவாக வந்து சேருமே" என்றேன். "பரவாயில்லை, நம்ம பிள்ளைகளில் நாலு பேர் நீதிபதி தேர்வு எழுதணும்னு இருக்காங்க. அவங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்றார். அந்த நாலு பேருக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்; எல்லோர் வீட்டிலும் குடும்பம் இருக்கிறது அல்லவா?

நம் ஊரின் மிகப் பழைய குடும்ப வழக்கு நீதிமன்றத்துக்கே வராதது. பரமதத்தன் புனிதவதியாரை விட்டுவிட்டுக் கப்பலேறினான். பாண்டி நாட்டில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். உறவினர் அம்மையாரைப் பல்லக்கில் அழைத்துச் சென்று அவன் முன் நிறுத்தினர். அவன் மனைவி மகளோடு அவர் காலில் விழுந்தான். ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவில் இந்தக் கதையை நாம் கொண்டாடுகிறோம். வக்கீல் கண்ணால் பார்த்தால் அதில் கைவிடப்பட்ட மனைவி, இரண்டாம் மணம், ஏதும் அறியாத ஒரு குழந்தை ஆகிய மூன்றும் இருக்கின்றன. இன்றைக்கும் நம் நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் இவர்கள்தாம். பல்லக்கு மட்டும் இல்லை.

1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1819 ஜனவரி 6ஆம் தேதி ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கே கொண்டுவந்தது. அதே ஆணை, இந்தியர்கள் முன்போலவே தத்தம் சட்டம், வழக்கம், சாதி மரபுப்படி தீர்ப்புப் பெறுவார்கள் என்றும் உறுதி தந்தது. வந்த நீதிபதிகளுக்கோ அந்த மரபு தெரியாது. எனவே 1827இல் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். தத்து, சீதனம், பாகம் ஆகியவற்றில் சிக்கல் வந்தால் ஊர்ப் பெரியவர்கள் அடங்கிய அந்தக் குழுவிடம் கருத்துக் கேட்கப்பட்டது. குடும்ப வழக்கில் சட்டப் புத்தகம் மட்டும் போதாது என்பதை அன்றே ஒப்புக்கொண்டார்கள் என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

நம் எல்லையின் விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். வாஞ்சூரைத் தாண்டி நாகூர் போனால் மகனுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை. இந்தப் பக்கம், பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்ற இந்து வழக்கப்படி, தந்தை உயிரோடு இருக்கும்வரை அவரே முழு உரிமையாளர். சம்பந்தி வீடு நாலு மைல் தூரம்தான், சட்டமோ வேறு!

1880ஆம் ஆண்டு ஆணையால் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு நம் மக்களுக்கும் வந்தது. 'எத்தா சிவில்' என்று நம் பாட்டன்மார் சொன்னது அதைத்தான். அடுத்த ஆண்டு, 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை வந்தது. விரும்பும் இந்தியர் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றை ஏற்று, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். துறந்தால் துறந்ததுதான், திரும்பிப் போக முடியாது. இவர்களே 'ரெனோன்சான்'கள். இந்த இயக்கத்தில் முன்னின்றவர் புதுச்சேரி வக்கீல் பொன்னுத்தம்பி. ஐரோப்பியர்போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்று 1873இல் தடுக்கப்பட்டவர். பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர். பின்னர் அவர் ஏற்ற குடும்பப் பெயர் 'லபோர்த்', அதாவது கதவு. பொருத்தமான பெயர்தான்.

1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி நம் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 6 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் நமக்கும் வந்தது. 1963 அக்டோபர் 1 முதல் இந்து திருமணச் சட்டம், வாரிசுரிமைச் சட்டம் முதலியவை இங்கு நீட்டிக்கப்பட்டன. ஆனால் அவற்றிலேயே ஒரு வரி சேர்க்கப்பட்டது: புதுச்சேரிப் பிரதேசத்து ரெனோன்சான்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.

நான் ஜூனியராக இருந்த நாளில் இந்த ஒரு வரியின் கனம் புரிந்தது. மணவிலக்குக் கேட்டு வந்த பெண்ணிடம் சீனியர் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா பிரச்சினை?" என்பதல்ல. "உங்க தாத்தா கையெழுத்துப் போட்டாராம்மா?" என்பதுதான். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து அவர் வாழ்க்கைக்கு எந்தச் சட்டம் என்று தீர்மானிக்கிறது! பிரான்சில் 1970இலேயே 'தந்தையின் அதிகாரம்' என்ற பழைய கோட்பாட்டை நீக்கி, தாய்க்கும் தந்தைக்கும் பொதுவான பெற்றோர் அதிகாரம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் 1962க்குப் பிறகு அங்கே செய்த திருத்தம் தானாகக் கடல் தாண்டி இங்கே வராது. இந்தியாவில் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், தந்தை பொறுப்பில் இல்லாதபோது அவர் உயிரோடு இருந்தாலும் தாய் இயற்கைக் காப்பாளராகலாம் என்றது. அது இந்துச் சட்டத்துக்குச் சொன்ன விளக்கம். ஒரே தெருவில் இரண்டு தாய்மாருக்கு இரண்டு கணக்கு. இதை அறியாத நீதிபதி என்ன செய்வார்? சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த தாவீது அன்னுசாமி அவர்கள் இந்தப் பிரெஞ்சு-இந்தியச் சட்டக் கலப்பைப் பற்றி நூல்கள் எழுதியதன் அருமை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குழந்தைகள் பக்கம் வருவோம். இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920இல் சென்னை மாகாணத்தில்தான் பிறந்தது. நாடு முழுவதற்குமான இளஞ்சிறார் நீதிச் சட்டம் 1986இல் வந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 வயது வரம்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதுக்குட்பட்டவரை மட்டும் தனியே மதிப்பிடச் சொல்கிறது. வயதில் ஐயம் வந்தால் முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை. 1880இல் தொடங்கிய பதிவேட்டுப் பழக்கம் ஒரு பையனின் எதிர்காலத்தை எப்படிக் காப்பாற்றும் என்று பாருங்கள்.

இவ்வழக்குகளை விசாரிப்பவருக்கு என்ன தகுதி? 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஏழாண்டுப் பணி அல்லது வக்கீல் அனுபவத்தோடு நிற்கவில்லை. திருமண அமைப்பைக் காப்பதிலும் குழந்தை நலனிலும் பற்றுள்ளவராகவும், சமரசத்தில் அனுபவம் உள்ளவராகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முயல வேண்டும், பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. இளஞ்சிறார் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர்கிறார்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். நியமனமான 60 நாட்களுக்குள் பயிற்சி தரவும் சட்டம் சொல்கிறது. 1827இன் ஆலோசனைக் குழு நினைவுக்கு வருகிறதா?

இனி அந்த நாலு பேருக்கு. 2025 மே 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற விதியை மீண்டும் கொண்டுவந்து தீர்ப்பளித்தது. "மூணு வருஷம் வீணாப் போச்சே சார்" என்று ஒரு மாணவி என்னிடம் வருத்தப்பட்டார். நான் கேட்டது ஒன்றுதான்: "அந்த மூணு வருஷத்தை எங்கே கழிக்கப் போறே?"

எனக்கு அந்தக் காலத்தில் ஒருவர் சொன்ன அறிவுரை, "குடும்பக் கேஸ் எல்லாம் சின்னக் கேஸுப்பா, அழுகைதான் மிச்சம். நிலத்தகராறைப் பிடி" என்பது. பல வருடம் அப்படியே நடந்தேன். ஒருநாள் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன், அம்மா ஒரு பெஞ்சிலும் அப்பா ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்றபடி என்னைக் கேட்டான்: "மாமா, நான் எங்கே உக்காரணும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை நான் படித்த நிலத் தீர்ப்பு எதிலும் அதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்துதான் இந்த வழக்குகளை எடுக்கத் தொடங்கினேன். தாமதமாகத் தொடங்கியதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஆகவே தம்பி, தங்கைகளே! அந்த மூன்று வருடத்தில் ஜீவனாம்ச மனு எழுதுங்கள், சமரச மையத்தில் உட்காருங்கள், சட்ட உதவிக் குழுவில் பெயர் கொடுங்கள், இளஞ்சிறார் குழுமம் எப்படி நடக்கிறது என்று கேட்டறியுங்கள், பழைய பதிவேட்டைப் படிக்கும் அளவுக்காவது பிரெஞ்சு கற்றுக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் மேடையில் உட்காரும்போது, நடுவில் நிற்கும் பிள்ளையைக் கவனிக்கிற கண் உங்களுக்கு இருக்கும். வக்கீல் தொழிலில் உள்ள நம் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இவர்களை ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அலுவலகத்தில் இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டு வாங்க, பேசுவோம்.