திருப்பாதிரிப்புலியூரும் உரையாடல் பெட்டியும்: கணினித் திரையின் தளவமைப்பில் தமிழ் பெற்ற இடம்

மேசைக் கணினித் திரையில் தோன்றும் சாளரம் ஒவ்வொன்றும் பொத்தான், பெயர்ச்சீட்டு, நிரப்பு கட்டம், தெரிவுப் பட்டியல் முதலான உறுப்புகளால் ஆனது. அவ்வுறுப்புகளை எங்கே வைப்பது, எவ்வளவு அகலமும் உயரமும் தருவது, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று தீர்மானிக்கும் முறைக்குத் தளவமைப்பு என்று பெயர். இதன் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுக்கூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தமிழ் எழுத்து அந்தச் சாளரங்களுக்குள் புகுந்தபோது எவை தாக்குப்பிடித்தன, எவை உடைந்தன என்ற பக்கத்திலிருந்து நோக்கினால், அதே வரலாறு வேறு வரிசையில் தெரிகிறது.

1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார், 1984-இல் வந்த மெக்கின்டாஷ் ஆகியவற்றின் காலத்தில் உறுப்புகளை வைக்கும் பொதுவழி ஆயத்தொலை முறையே; இடப்பக்கத்திலிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை என்று எண்ணால் குறித்துவிட்டால் உறுப்பு அங்கேயே நிற்கும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் இதில் ஒரு நெகிழ்வைச் சேர்த்தது. உரையாடல் பெட்டிகளை அது பிக்சலால் அளக்காமல், பெட்டியின் எழுத்துருவைச் சார்ந்த தனி அலகால் அளந்தது: எழுத்தின் சராசரி அகலத்தில் நான்கில் ஒரு பங்கு கிடை அலகு, உயரத்தில் எட்டில் ஒரு பங்கு நெடுக்கை அலகு. வழக்கமான பொத்தான் 50 அலகு அகலமும் 14 அலகு உயரமும் கொண்டது. பெட்டியின் விளிம்பில் 7 அலகும், தொடர்புடைய உறுப்புகளுக்கிடையே 4 அலகும் இடைவெளி விடுவது மரபு. எழுத்துரு பெரிதானால் பெட்டியும் கூடவே பெரிதாகும் என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சராசரி அகலத்தைக் கணக்கிடும் முறை, இலத்தீன் நெடுங்கணக்கின் சிற்றெழுத்து 26, பேரெழுத்து 26 ஆகிய 52 எழுத்துகளையும் வரிசையாக எழுதி, மொத்த அகலத்தை 52-ஆல் வகுப்பதாகும். 'ண', 'ஞ', 'ணை' போன்ற அகன்ற வடிவங்கள் எவையும் அந்த அளவுகோலுக்குள் வருவதில்லை. பெட்டிக்குள் தமிழ் எழுதப்பட்டாலும் பெட்டியை அளந்த முழக்கோல் ஆங்கிலத்தினுடையதே.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இந்த ஆயத்தொலை முறையைக் கொண்டுவந்தது 1991-இல் வெளியான விஷுவல் பேசிக். படிவத்தின்மீது சுட்டியால் பொத்தானை வரைந்து, தேவையான இடத்துக்கு இழுத்து வைத்தால் இடப்பக்கம், மேல், அகலம், உயரம் என்னும் நான்கு எண்களும் தாமே பதிவாகும். ஓர் அங்குலத்தை 1440 ஆகப் பகுக்கும் 'ட்விப்' என்பது அதன் அலகு. 'ஃப்ரன்ட் எண்ட் விபி, பேக் எண்ட் ஆரக்கிள்' என்பது ஒரு தலைமுறை மாணவர்களின் செயல்திட்ட அறிக்கைகளில் நிலைத்துவிட்ட தொடர். விஷுவல் பேசிக்கின் ஆறாம் பதிப்புவரை அதன் அடிப்படை உறுப்புகளுக்கு யுனிகோடு தெரியாது. ஆகவே தமிழ் காட்ட விரும்பியோர் 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களையோ டிஸ்கி முறையையோ பின்பற்றிய எட்டு-பிட் எழுத்துருக்களைப் பெயர்ச்சீட்டின் எழுத்துருவாக மாற்றி வைத்தனர். எழுத்துரு மாறியது, பெட்டியின் நான்கு எண்கள் மாறவில்லை.

இதன் விளைவைக் கடலூர் மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களைக் கொண்டே அளந்து பார்க்கலாம். மாவட்டத்தின் பத்து வட்டங்களை ஒரு தெரிவுப் பட்டியலில் இட்டால், 'கடலூர்' நான்கெழுத்தில் முடிந்துவிடும், 'சிதம்பரம்' ஆறெழுத்து, 'காட்டுமன்னார்கோயில்' பத்தெழுத்து. கடலூர் நகருக்குள்ளேயே இருக்கும் 'திருப்பாதிரிப்புலியூர்' பதினோரெழுத்து. அகலம் போதாவிட்டால் பெயரின் வால் அறுபடும். அதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். உயரம் போதாமைதான் கொடியது. அந்தப் பெயரில் 'தி', 'ரி', 'லி' ஆகியவற்றின் மேல்வளைவும் மூன்று மெய்களின் புள்ளியும் மேலே ஏறுகின்றன. 'பு', 'யூ' இரண்டின் கொக்கியும் கீழே இறங்குகின்றன. ஆங்கிலச் சிற்றெழுத்துக்கென ஒதுக்கிய உயரத்தில் மேற்பகுதி வெட்டுப்பட்டால் 'ப்' என்பது 'ப' ஆகும். கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டால் 'பு' என்பதும் 'ப' ஆகும். ஓலையில் எழுதியோர் புள்ளியிடாமல் விடுவது வழக்கம், படிப்போர் இடம்நோக்கி உணர்ந்துகொள்வர் என்பது சுவடிப் பதிப்பாளர் அறிந்த செய்தி. எழுத்தாணிக்குத் தந்த அந்தச் சலுகையைத் திரைக்கும் தர முடியாது.

ஆயத்தொலைக்கு மாற்றான மரபு அச்சுக்கலையிலிருந்து வந்தது. டொனால்டு நூத் 1978-இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுத்து, சொல், வரி யாவும் பெட்டிகள். அவற்றுக்கிடையிலான வெற்றிடம் 'பசை' எனப்பட்டது. அந்தப் பசைக்கு இயல்பான அளவு, நீளக்கூடிய அளவு, சுருங்கக்கூடிய அளவு என மூன்று பண்புகள் உண்டு. வெற்றிடத்தையே பண்புடைய ஒரு பொருளாகக் கொண்ட இந்தக் கருத்து, ஆகாயத்தைத் திரைவிலக்கிக் காட்டும் தில்லையாகிய சிதம்பரத்தைச் சேர்ந்தவர்களுக்கு அவ்வளவு புதுமையாகத் தோன்றாது. 1980-களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டில் உருவான இன்டர்வியூஸ் கருவித்தொகுதி பெட்டியையும் பசையையும் திரைக்குக் கொண்டுவந்தது. ஜான் ஔஸ்டர்ஹவுட்டின் டிகே, 1996-இல் வந்த ஜாவாவின் தளவமைப்பு மேலாளர்கள், ஜிடிகே, கியூட்டி ஆகியவை வெவ்வேறு வழிகளில் அதே நோக்கத்தை நிறைவேற்றின. இவற்றில் நிரலர் எண்ணைச் சொல்வதில்லை. 'இது அதற்கு வலப்புறம், மீதி இடம் முழுதும் இதற்கு' என்று உறவைச் சொல்கிறார், அளவைக் கணினி இயங்கும்போது கண்டுபிடிக்கிறது. இடைவெளிக்கு மட்டும் எண் மரபு நீடித்தது: க்னோம் என்னும் மேசைத்தளத்துக்கென 2002-இல் வெளிவந்த இடைமுக நெறிமுறைகள் சாளர விளிம்புக்கு 12 பிக்சல், குழுக்களுக்கிடையே 18 பிக்சல் என ஆறின் மடங்குகளாக அதை வரையறுத்தன.

தமிழ்க் கணிமைக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது போதிய அளவு பேசப்படவில்லை. விண்டோஸ் முறையில் மொழிபெயர்ப்பு என்றால் சொல்லை மாற்றுவதோடு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பொத்தான்களை அகலப்படுத்துவதும் சேரும். ஊதியம் கொடுக்கும் நிறுவனத்தால்தான் அது இயலும். கேடியீ, க்னோம் ஆகிய கட்டற்ற மேசைத்தளங்களில், கெட்டெக்ஸ்ட் முறைப்படி, மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைப்பது ஆங்கிலத் தொடர்களின் பட்டியல் மட்டுமே. ஆயத்தொலை ஒன்றுகூட அதில் இல்லை. 2000-ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்திலும் பிற நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் மாலைநேரங்களில் ஆயிரக்கணக்கான தொடர்களைத் தமிழாக்க முடிந்ததற்கு மொழிப்பற்று ஒரு காரணம் என்றால், பெட்டிகள் தாமே விரிந்துகொண்டது மற்றொரு காரணம். முதற்காரணமே எப்போதும் புகழப்படுகிறது.

விரிவு தேவைதான். 'பிரிஃபரன்சஸ்' என்பதை ஆங்கிலத்தில் எழுத 11 எழுத்து வேண்டும். 'விருப்பத்தேர்வுகள்' என்பது தமிழர் எண்ணினால் 10 எழுத்து, யுனிகோடு எண்ணினால் 18 குறியீடு, திரையில் இரண்டு எண்ணிக்கையும் உதவாத ஓர் அகலம். எழுத்தை எண்ணி இடம் ஒதுக்கும் எந்த முறையும் இங்கே தோற்கும். வரைந்த வடிவத்தை அளந்தே இடம் ஒதுக்க வேண்டும். 2002-இல் ஜிடிகேயின் இரண்டாம் பதிப்பு பாங்கோ என்னும் எழுத்தமைப்பு நூலகத்துடன் வந்தபோது அந்த அளவீடு கருவித்தொகுதியின் வேலையாகிவிட்டது. ஆனால் குறுக்குவிசை மரபு தமிழுக்குத் தனிச் சுமையைத் தந்தது: ஆங்கிலப் பட்டியில் சொல்லுக்குள்ளேயே ஓர் எழுத்தை அடிக்கோடிட்டால் போதும், க்னோமின் தமிழ்ப் பட்டியிலோ 'கோப்பு' என்பதன் பின் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானையும் மூன்று குறி அளவுக்கு நீட்டியது.

2010 ஜூனில் தமிழக அரசு யுனிகோடை ஏற்றது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் மாணவர்களைச் சென்றடைந்தது. 2012 டிசம்பர் இறுதியில் உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடியபோது, 1997-இல் சிங்கப்பூரில் முதல் மாநாடு கூடிய காலத்துக் குறியேற்றச் சிக்கல் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது.

தீராத ஒன்று சொல்வரிசை. '30 நாளுக்கு முற்பட்ட கோப்புகளை அழி' என்ற கட்டளையில் 30 என்பது பயனர் நிரப்பும் கட்டம் என்று கொள்வோம். ஆங்கிலத்தில் வினை முதலில் வருவதால் நீண்ட தொடர், கட்டம், 'நாள்' என்னும் சிறுசொல் என்ற வரிசையில் மூன்று உறுப்புகள் அமைகின்றன. தமிழில் கட்டம் முன்னே வர வேண்டும், தொடர் முழுதும் பின்னே போக வேண்டும். உறுப்புகளின் வரிசை நிரலுக்குள் இருப்பதால் மொழிபெயர்ப்பாளரின் கை அதைத் தொடாது. முதல் தொடரை வெறுமையாக விட்டுத் தப்பவும் வழியில்லை. வெறுமையை மொழிபெயர்க்கப்படாதது எனக் கொண்டு கெட்டெக்ஸ்ட் ஆங்கிலத்தையே காட்டிவிடும். எனவே 'அழிக்க வேண்டிய கோப்புகளின் வயது' என்று கட்டளையைப் பெயர்த்தொடராக்கி, முக்காற்புள்ளி வைத்து, கட்டத்தைப் பின்னால் நிறுத்துகின்றனர். இன்றைய தமிழ் இடைமுகங்களில் பெயர்த்தொடரும் முக்காற்புள்ளியும் மிகுந்திருப்பதற்கு மொழிபெயர்ப்பாளரின் நடையைக் குறைசொல்வோர், அந்த நடை தளவமைப்பின் வற்புறுத்தலால் வந்தது என்பதைக் கருதுவதில்லை. அளவை நெகிழ்வித்த கருவித்தொகுதிகள் வரிசையை நெகிழ்விக்கவில்லை.

அரசு அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ மென்பொருள் எழுதுவோர் கட்டத்தின் அகலத்தையும் வரியின் உயரத்தையும் உறுதிசெய்யுமுன், 'காட்டுமன்னார்கோயில்', 'திருப்பாதிரிப்புலியூர்' ஆகிய இரண்டு பெயர்களையும் அதில் இட்டுப் பார்க்க வேண்டும். புள்ளியும் கொக்கியும் முழுதாகத் தெரிந்தால் மட்டுமே அந்தப் படிவத்தை மக்கள் முன் வைக்க வேண்டும்.