மதுரையில் விலைச்சோறு

அடுத்த திங்கள் நான் மதுரையை விட்டுக் கோவைக்குக் குடிபெயர்கின்றேன். அங்கே என் மகள் இருக்கின்றாள். வயது அறுபதைக் கடந்த ஒருவன் நாற்பதாண்டு வாழ்ந்த ஊரை விட்டுப் போகும்போது, கோயிலில் விடைபெற்றாயா, திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தாயா என்று வினவுவது நண்பர்களின் வழக்கம். அவ்விரண்டையும் செய்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லுவதாயின், இச்சில வாரங்களில் நான் மிகுதியாக விடைபெற்று வருவது இந்நகரத்துச் சிற்றுண்டிச் சாலைகளிடமே. நான் புலால் உண்ணாதவன். ஆதலால் என் சுற்றுப்பயணமும் இட்டலி, தோசை, ஆப்பம் என்னும் எல்லைக்குள் அடங்கியது. என் பேரன் இதைக் கண்டு நகைக்கின்றான். நகைக்கட்டும். ஒரு மனிதன் தெருவில் நடந்து சென்று, காசு கொடுத்து, தான் விரும்பிய இருக்கையில் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவர் சமைத்ததை உண்பது எவ்வளவு பெரிய செய்தி என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு அது என் தந்தையாரால் தெரியும். அதனை இறுதியில் சொல்லுகின்றேன்.

மதுரையில் உண்பொருள் விற்பது பழைய தொழில். அழகர்மலைக் குகையில் பொறிக்கப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை. துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர் பெயர்கள் அங்கே உள்ளன. அவருள் உப்பு வணிகனும் இருக்கின்றான். பாணித வணிகனும் இருக்கின்றான். பாணிதம் என்பது வெல்லப்பாகு. சமண முனிவர்க்குப் படுக்கை செய்து கொடுக்கும் அளவுக்கு வெல்லத்தில் வருவாய் இருந்த ஊர் இது என்று வகுப்பில் நான் சொன்னபோதெல்லாம் மாணவர் வியந்தனர்.

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனைப் பாடவந்த புலவர், பகலில் நாளங்காடியையும் இரவில் அல்லங்காடியையும் நமக்குக் காட்டுகின்றார். நள்ளிரவு நெருங்கும் வேளையில் அவர் கண்ட ஒரு காட்சி எனக்கு மிகவும் உவப்பானது. தேனடையைப் போலக் கண்ணறை கண்ணறையாக வெந்த மெல்லிய அடை. உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம். இவற்றை விற்கும் கூவியர் தம் பண்டத்தின் அருகிலேயே இருந்தபடி உறங்கிவிடுகின்றனர். இன்றும் இரவு பதினொரு மணிக்கு மாசி வீதிகளில் நடப்பவர், தள்ளுவண்டியின் மேல் தலைசாய்த்துக் கிடக்கும் கடைக்காரரைக் காணலாம். மதுரைக்குத் தூங்கா நகரம் என்னும் பெயர் உண்டு. புலவரோ அந்நகரில் தூங்கியவரைத்தான் நமக்குக் காட்டினார்!

தேனடை போன்ற அந்த அடை இன்றைய ஆப்பத்தின் முன்னோன் என்று உறுதியாகச் சொல்லிவிட எனக்கு ஆசை, சான்று போதாது. இட்டலியைப் பற்றியும் அவசரப்படலாகாது. பத்தாம் நூற்றாண்டில் எழுந்த வட்டாராதனை என்னும் கன்னட நூலில் இட்டலிகே என்ற பெயர் காணப்படுகின்றது. சங்கப் புலவர் எவரும் இட்டலியைக் குறிக்கவில்லை. மதுரை இட்டலியை உலகப் புகழுக்கு உயர்த்தியவர்கள் இதனைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இனி ஒன்றைக் கருதவேண்டும். பழைய மதுரையில் பண்ணியம் விலைக்குக் கிடைத்தது. வயிறு நிறையச் சோறு, வந்தவர்க்கு எப்படிக் கிடைத்தது? சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையின் புறஞ்சேரியை அடைந்தபோது, கவுந்தியடிகள் அவர்களை மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் அடைக்கலம் தருகின்றார். கோவலன் சாவக நோன்பி, புலால் உண்ணாதவன். ஆதலால் மாதரி பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலியரிசி, பால் ஆகியவற்றை அளிக்கின்றாள். கண்ணகி தானே சமைத்து, குருத்து வாழையிலையில் பரிமாறுகின்றாள். கையில் சிலம்பு இருந்தும் அவர்கள் சோற்றை விலைக்கு வாங்க எண்ணவில்லை. வழிப்போக்கனுக்கு உணவு என்பது உறவாலோ அடைக்கலத்தாலோ அறத்தாலோ வருவது. விலையால் வருவதன்று என்பதே அக்கால எண்ணமாக இருந்திருக்கவேண்டும் என்பது என் கருத்து.

அறத்தால் வந்த சோற்றுக்கும் மதுரையே எடுத்துக்காட்டு. மணிமேகலை காட்டும் ஆபுத்திரன் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை விடுவித்தமைக்காக ஊரார் அவனைப் புடைத்தனர். பிறப்பைச் சொல்லி இழித்தனர். அவன் கையேந்திச் சென்ற அந்தணர் ஊர்களில் பாத்திரத்தில் சோற்றுக்கு மாறாகக் கல்லை இட்டனர். அவன் தென்மதுரைக்கு வந்து சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கி, வீடுதோறும் ஐயம் ஏற்று, குருடர் செவிடர் முடவர் முதலியோரை உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான். மழை நள்ளிரவொன்றில் பசியோடு வந்தவர்க்கு இட ஒன்றுமில்லாமல் அவன் கலங்கியபோதுதான் தேவி அமுதசுரபியைக் கொடுத்தாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதற்கு முன் அவன் பாத்திரத்தில் விழுந்த கல்லைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

பிற்காலத்தில் அறச்சோறு சத்திரங்களில் நிலைபெற்றது. 1689ஆம் ஆண்டு முதல் தன் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற இராணி மங்கம்மாள் சாலைகளும் சோலைகளும் சத்திரங்களும் அமைத்துப் புகழ் பெற்றாள். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரில் அவள் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாதார் இல்லை. நாட்டில் இத்தகைய அறங்கள் நிரம்ப இருந்தன. எனினும், உணவளித்த சத்திரங்கள் பலவற்றில் இன்ன குலத்தார்க்கு என்னும் வரையறையும் உடன் இருந்தது. கொடுப்பவன் தான் விரும்பியவர்க்குக் கொடுப்பான். பெறுபவன் வாதாட இயலாது. இலவசச் சோற்றில் உள்ள குறை இது. விலைச்சோற்றில் வேறு குறைகள் உண்டு; அவற்றுக்கு வருகின்றேன்.

இன்று நாம் உண்ணச் செல்லும் தெருக்கள் பல பழைய மதுரையில் இல்லை. நகரைச் சுற்றிக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1834 முதல் 1847 வரை மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். அப்பணியில் துணைநின்ற நில அளவையாளர் மாரட், மேற்பார்வையாளர் பெருமாள் மேஸ்திரி ஆகிய இருவர் பெயரும் புதிய வீதிகளுக்கு இடப்பட்டன. பிளாக்பர்ன் நினைவாக நட்டதே விளக்குத்தூண். ஆகவே, கீழ மாரட் வீதிப் பக்கம் சென்று சிகர்தண்டா பருகுவோரும், மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் தோசை உண்போரும் தூர்ந்த அகழியின் மேலும் இடிந்த மதிலின் மேலும் அமர்ந்து உண்கின்றனர். 1870களின் நடுவில் இரயில் வந்தது. மேல வெளி வீதியும் நகர்மன்றச் சாலையும் வழிப்போக்கரால் நிரம்பின. சத்திரத்தில் இடம் போதாத கூட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு சோறிடும் கடைகள் தோன்றின.

சோற்றை விற்பது இழிவு என்று பெரியோர் முணுமுணுத்தனர். காப்பி வந்ததும் அம்முணுமுணுப்பு அடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி கிளப் என்ற பெயர்ப்பலகை தமிழ்நாட்டு நகரந்தோறும் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் அந்தணர் பலர் இத்தொழிலுக்கு வந்தனர். உடுப்பியிலிருந்து வந்தவர் தனிப் பெயர் பெற்றனர். அவருள் ஒருவரான கிருஷ்ணராவ் 1938ஆம் ஆண்டு சென்னை இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். மதுரையிலும் உடுப்பிப் பெயர் தாங்கிய சாலைகள் வந்தன.

இலண்டன் மாநகரில் 1652ஆம் ஆண்டு காப்பிக் கடை தோன்றியபோது, ஒரு பென்னிக் காசு கொடுத்த ஆடவன் எவனும் பிரபுவின் பக்கத்தில் அமரலாம் என்பது வியப்பாகப் பேசப்பட்டது. பெண்டிர்க்கு அங்கே இடமில்லை என்பதை அவ்வளவாக எவரும் பேசவில்லை. நம் காப்பிக் கடையில் காசு மட்டும் போதவில்லை. பிராமணாள் என்ற சொல் பலகையில் இருந்தது. உள்ளே தடுப்பும் இருந்தது. இரயில் நிலைய உணவுச் சாலைகளில் இருந்த அத்தகைய பிரிவினை, பெரியார் முதலியோரின் எதிர்ப்புக்குப் பின் 1941ஆம் ஆண்டு நீங்கியது. பலகையிலிருந்து அச்சொல்லை அகற்ற 1957ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு விடுதியின் முன் பல மாதங்கள் மறியல் நடந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது ஒரு சாராரின் வழக்கு. வாயிற்படியே மிதிக்கக்கூடாதவர்களின் வழக்கு வேறு.

மதுரையில் 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தார். அது நாடறிந்த செய்தி. அம்மனைக் கண்டு வெளியே வந்தவர்களுள் எவருக்கேனும் பசித்திருந்தால், சித்திரை வீதியில் எந்தக் கடையில் அமர்ந்து உண்டிருக்க முடியும் என்று நான் எண்ணியதுண்டு. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறித்து, சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அதற்குத் தண்டனை விதித்தது. அரசியல் சட்டத்தை வகுத்தோர் இட்டலிக் கடையையும் மறக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும்.

இனி என் தந்தையாரைப் பற்றி. அவர் மதுரைக்கு வடக்கே ஒரு சிற்றூரில் கூலி வேலை செய்தவர். இளமையில் காய்கறி வண்டியோடு நகரத்துக்கு வருவார். ஒரு கடையின் கொல்லைப்புறச் சன்னல் வழியே பொட்டலம் வாங்கித் தெருவோரத்தில் நின்று உண்பார். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் எங்களுக்குக் கொட்டாங்கச்சி. சட்டம் வந்து பல ஆண்டுகள் சென்ற பிறகும் அப்படியே. 1967ஆம் ஆண்டுச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண என்னையும் அழைத்து வந்தார். எனக்கு வயது ஏழு. கூட்டம் கலைந்த பின் இரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சிற்றுண்டிச் சாலையின் வாயிலில் நெடுநேரம் நின்றார். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பலகையில் அமர்ந்தார். மேசையின் மேல் வெள்ளைச் சலவைக்கல். பரிமாறுபவர் வந்து, "என்ன சாப்பிடுறீங்க?" என்றார். என் தந்தையாரை அயலார் ஒருவர் நீங்கள் என்று விளித்து நான் கேட்டது அன்றுதான். தோசை உண்டோம். அவர் எழும்போது தம் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு கழுவும் இடத்தைத் தேடினார். பரிமாறுபவர், "ஐயா, டம்ளரை அங்கேயே வைங்க, அது எங்க வேலை" என்றார். வீடு திரும்பும் வழியில் என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை.

ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியேற்ற பிறகும், மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களில் இரட்டைக் குவளையைக் கண்டிருக்கின்றேன். பின்னர் நெகிழிக் குவளை வந்தது. குடித்ததும் எறிந்துவிடலாம், ஆகவே ஒருவர்க்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவர்க்கு நெகிழிக் குவளையும் கொடுப்பதை எவரும் குற்றமாகக் கருதாமல் இருக்க வசதியாயிற்று. நகரம் அப்படியன்று என்று முழுமையாகச் சொல்லமாட்டேன். ஆயினும், நகரத்துச் சிற்றுண்டிச் சாலையில் அருகில் இருப்பவன் எவன் என்று கேட்க எவருக்கும் நேரமில்லை. அடுத்த பந்திக்கு ஆள் நிற்கின்றது!

என் விடைபெறும் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். கோபு ஐயங்கார் கடையின் வெள்ளையப்பத்துக்கும் காரச் சட்டினிக்கும் நிகரில்லை. மாலை வேளையில் உண்ணவேண்டிய பண்டம் அது. முருகன் இட்டிலிக் கடை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. மதுரையில் அதை உண்பவர்க்கு இலையில் வரிசையாக விழும் சட்டினிகளே பாதி உணவு. நகர்மன்றச் சாலையில் காலேஜ் அவுசின் பெயரைக் கேட்டாலே என் வயதினர்க்குக் காப்பி மணம் நினைவுக்கு வரும். பருத்திப்பாலைப் புறக்கணிப்பவரை எனக்குப் பிடிக்காது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. மாட்டுக்கு இடும் கொட்டையை மனிதனுக்கு ஆக்கிய இவ்வூரார் அறிவை மெச்சவேண்டும். செளராட்டிரர் வாழும் தெருக்களில் மாலையில் கிடைக்கும் முள்ளு முருங்கைப் பூரி சளிக்கு நல்லது. கோவையில் இவை கிடைக்குமா என்று மகளிடம் கேட்டேன். அங்கே வேறு நல்லவை உண்டு என்று மறுமொழி வந்தது.

என் தந்தையார் தோசை உண்ட சாலை இப்போது இல்லை. அவ்விடத்தில் கைப்பேசி விற்கின்றனர். சென்ற ஞாயிறு பேரனை அழைத்துக்கொண்டு அங்கே சென்று சற்று நேரம் எதிர்ப்புறம் நின்றேன். அவனுக்குக் கால் வலித்தது. அடுத்த தெருவில் புதிதாகத் தொடங்கிய ஒரு கடைக்குச் சென்றோம். தோசை நன்றாக இருந்தது. காப்பியில் சிக்கரி சற்று மிகுதி.