ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மரப்படிகள்: தேய்மானமும் செப்பனிடலும்

பிரான்சில் புராட்டஸ்டண்டு மதத்தினருக்கு வழிபாட்டுரிமை வழங்கியிருந்த நாந்து ஆணையைப் பதினான்காம் லூயி மன்னர் 1685-இல் விலக்கிக்கொண்டதை அடுத்து, யூகெனோ எனப்பட்ட அம்மதத்தினர் பலர் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்தனர். அவர்களுள் பட்டு நெசவாளர் பெருந்தொகையினர் லண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் குடியேறினர். அத்தொழில் செழித்திருந்த 1720-களில் ஃபூர்னியர் தெருவில் எழுந்த செங்கல் வீடுகள் குறுகிய மனைகளில் மாடிமேல் மாடியாக உயர்ந்தவை ஆதலின், வீட்டின் நடமாட்டம் முழுவதையும் மரப்படிக்கட்டே தாங்க வேண்டியிருந்தது.

18ஆம் நூற்றாண்டில் பரவிய முறைப்படி, கால் வைக்கும் மிதிபலகையும், இரு மிதிகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் எழுபலகையும், சரிவாக ஏறும் பக்கப்பலகைகளில் வெட்டிய காடிகளுக்குள் செருகப்பட்டன. பின்னர் அடிப்புறமிருந்து ஆப்பு அறைந்து, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரத்தால் ஒட்டி, உள்மூலைகளில் சிறு முக்கோணக் கட்டைகளைப் பொருத்தி இறுக்கினர். இவ்வாறு துண்டு துண்டாகக் கூட்டிய அமைப்பு என்பதால், பழுதான ஒரு படியை மட்டும் ஆப்பு தளர்த்திக் கழற்றுவது இயன்றது. ஆனால் அடிப்புறத்தைச் சுண்ணச்சாந்து பூசி மறைத்திருந்தால் முதலில் அந்தப் பூச்சைப் பெயர்க்க வேண்டியிருந்தது. வச்சிரம் விட்டுப்போய் ஆப்பும் உலர்ந்து சுருங்கினால், மிதிபலகை எழுபலகையோடு உரசிக் கிறீச்சிடும். பழைய படிக்கட்டின் ஓசைக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பிரெஞ்சுப் பட்டுக்கான வரி 1860-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் நீங்கியதும், முன்பே நலிந்திருந்த நெசவு மேலும் சரிந்தது. 1880-களிலிருந்து ரஷ்யப் பேரரசை விட்டு வந்த யூதர்கள் இப்பகுதியில் பெருகியபோது, ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய வீடுகளின் அறைகள் தனித்தனிக் குடித்தனங்களாகவும் தையற்கூடங்களாகவும் மாறின; படிக்கட்டு மட்டும் அனைவருக்கும் பொதுவாயிற்று. இப்படிப் பலரும் ஏறி இறங்கும்போது, படிகளுக்குப் பயன்பட்ட, பால்டிக் நாடுகளிலிருந்து வந்த பைன் மரத்தில் மென்மையான பகுதி முதலில் தேயும், கணுக்கள் தேயாமல் மேடாக நிற்கும். மிதியின் முன்விளிம்போ நடுவில் குழிந்து சரியும்.

தேய்ந்ததைக் கழித்துப் புதிதாக அமைப்பதா, உள்ளதைக் காத்து ஒட்டுவதா என்ற வினாவுக்கு 1877-இல் வில்லியம் மாரிஸ் முதலியோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தெளிவான விடை கூறியது. பழமையைப் போலியாகப் புதுப்பிப்பதை எதிர்த்த அச்சங்கம், குறைந்த அளவு தலையீட்டையும் மறைக்கப்படாத ஒட்டையும் வலியுறுத்தியது. அந்நெறிப்படி தேய்ந்த முன்விளிம்பை மட்டும் நேர்கோட்டில் வெட்டி நீக்கி, அதே வகை மரத்தில் நார் ஓட்டம் ஒத்த பட்டையை ஒட்டுவர். பலகையின் எஞ்சிய பகுதி அப்படியே இருக்கும்.

இடிக்கப்படவிருந்த எல்டர் தெரு வீடுகளை 1977-இல் உள்ளே புகுந்து தங்கிக் காத்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் அறக்கட்டளையினரும் உள்ளதைக் காத்துச் செப்பனிடும் இந்நெறியைப் பின்பற்றினர். எனினும் குழிவு யாவும் வரலாறு என்று விட்டுவிட இயலாது. படிகளின் உயரம் சீரற்றிருந்தால் கால் இடறும் என்பதால், ஏறுபவரின் பாதுகாப்பே எவ்வளவு மரத்தை மாற்றுவது என்பதைத் தீர்மானிக்கிறது.